கூலி, உடுப்பு, பெயர்: சாஸர் காலத்துப் பெண்கள் பற்றி

1

‘இடைக்காலப் பெண்’ என்ற பிரயோகம் நம் கட்டுரைகளில் சர்வ சாதாரணமாக அடிபடுகிறது. நிலப்பிரபுத்துவம், அதன் கீழ் அடங்கிக் கிடந்த பெண் என்று ஒரே வாக்கியத்தில் எண்ணூறு வருஷங்களைத் தாண்டிவிடுகிறார்கள். எழுதுகிறவர் மார்க்ஸிய முகாமைச் சேர்ந்தவரானால், வர்க்கத்தைப் பேசிவிட்டால் பெண்ணையும் பேசியதாகிவிட்டது என்ற தொனி இருக்கும். ‘இலக்கியத்தை இலக்கியமாகப் பார்’ என்கிறவரானால் அந்த வாக்கியத்தைக்கூட எழுதமாட்டார். சாஸரின் ‘கேன்டர்பரிக் கதைக’ளின் பொது முன்னுரையை ஒரு சித்திரசாலை என்று வர்ணித்து, பாத் ஊர்க்காரியின் பல் இடுக்கையும் சிவப்புக் காலுறையையும் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவார். பி.ஏ. ஆங்கிலம் படித்த நம்மில் பலருக்கும் இந்தச் சித்திரசாலை வகுப்பறையிலேயே வந்து சேர்ந்த சொத்து. இரண்டு முகாம்களும் சண்டை போட்டுக்கொண்டாலும் இந்த ஒரு விஷயத்தில் செய்வது ஒரே காரியம்தான்: பெண் எந்த வாசல் வழியாகத் தன் வர்க்கத்துக்குள் வந்தாள் என்று கேட்பதில்லை.

இது சமூகவியல் கேள்வி, விமர்சனத்துக்கு வெளியே உள்ளது என்று சொல்லப்படும் என்பது எனக்குத் தெரியும். உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். அந்தக் காலத்து ஐரோப்பா தன்னை மூன்று அடுக்குகளாகச் சொல்லிக்கொண்டது: பிரார்த்திப்பவர், போரிடுபவர், உழைப்பவர். பெண்களைப் பற்றிப் பேச வரும்போது இந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள்: கன்னி, மனைவி, விதவை. ஆணை அவன் செய்வதை வைத்தும் பெண்ணை அவள் யாரோடு படுத்தாள், படுக்கவில்லை என்பதை வைத்தும் பிரித்தார்கள். சாஸரின் முன்னுரையில் இந்த இரண்டு அளவுகோல்களும் ஒரே பக்கத்தில் கிடக்கின்றன. வீரன், வியாபாரி, வக்கீல், மாலுமி, மாவு மில்காரன், உழவன் என்று ஆண்கள் வரிசையாக வருகிறார்கள். ஏறக்குறைய முப்பது பேர் கொண்ட அந்தக் கூட்டத்தில் பெண்கள் மூன்று பேர். அதில் ஒருத்திக்கு வர்ணனையே கிடையாது. மற்ற இருவரில் ஒருத்தி கன்னிமடத் தலைவி, இன்னொருத்தி மனைவி.

அந்த மனைவிக்கு ஒரு தொழில் உண்டு. துணி தயாரிப்பதில் ஈப்ர், கென்ட் நகரத்தாரையே மிஞ்சியவள் என்கிறார் சாஸர். இது இரண்டு வரி. 1374இலிருந்து 1386 வரை லண்டன் துறைமுகத்தில் கம்பளி ரோமத்துக்கான சுங்கக் கணக்கைத் தன் கைப்பட எழுதியவர் அவர். ஃப்ளாண்டர்ஸ் நகரங்களின் தறிகள் இங்கிலாந்து ரோமத்தை நம்பி ஓடின என்பதும், இங்கிலாந்திலேயே துணி நெய்து ஏற்றுமதி செய்யும் புதிய வர்க்கம் ஒன்று தலையெடுத்துக்கொண்டிருந்தது என்பதும் அவருக்கு அன்றாட அலுவல். அந்த இரண்டு வரியின் கனம் தெரிந்தே அவர் எழுதியிருக்க வேண்டும். ஆனால் பாத் ஊர்க்காரி தானே வாய் திறந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட வரிகள் பேசும்போது தறியைக் காணோம். சொத்து எப்படி வந்தது என்று அவள் சொல்லும் கணக்கு முழுக்க புருஷர்கள் கணக்கு. பன்னிரண்டு வயதில் முதல் கல்யாணம். திருச்சபைச் சட்டப்படி ஒரு பெண்ணுக்கு அதுவே குறைந்தபட்ச வயது. முதல் மூன்று பேர் கிழவர்கள், பணக்காரர்கள். நிலமும் பொருளும் அவர்களிடமிருந்து வந்தவை.

தொழிலில் வந்த பணம் ஏன் பேசமாட்டேன் என்கிறது? அந்தக் காலத்து இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தில் கல்யாணமானவளின் அசையும் பொருள்கள் கணவனுடையவை. நிலத்தை ஆளும் உரிமையும் அவன் இருக்கும்வரை அவனுக்கே. லண்டன் போன்ற நகரங்களில் ஒரு மனைவி தனி வியாபாரியாகக் கணக்கு வைத்துக்கொள்ளச் சம்பிரதாயம் இடம் கொடுத்தது. மற்றபடி விதவையாகும்போதுதான் அவள் சட்டத்தின் கண்ணில் ஆளாகிறாள்; கணவனின் நிலத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு ஆயுள்வரை அவள் அனுபவிக்கலாம். ஆக, பாத் ஊர்க்காரிக்குத் தறியை விட விதவைக் கோலம் நம்பகமான முதலீடு. ஐந்து கல்யாணத்தையும் காமத்தின் கணக்கில் எழுதிவிட்டுச் சிரிக்கும் வாசகன் பேரேட்டில் பாதிப் பக்கத்தைத்தான் படித்திருக்கிறான்.

ஐந்தாவது புருஷன் ஜான்கின், ஆக்ஸ்ஃபர்டில் படித்தவன், சொத்தில்லாதவன். காதலில் இவள் தன் நிலத்தை அவன் பெயருக்குக் கொடுத்துவிடுகிறாள். கெட்ட மனைவிகள் பற்றிய புத்தகம் ஒன்றை அவன் தினமும் இவளுக்கு வாசித்துக் காட்டுகிறான். இவள் அதன் ஏடுகளைக் கிழிக்கிறாள். அவன் அடிக்கிறான். ஒரு காது செவிடாகிறது. பிறகு சமாதானம்: புத்தகம் நெருப்புக்குப் போகிறது, வீடும் நிலமும் அவள் கைக்குத் திரும்பி வருகின்றன. இதைப் பெண்ணின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. வெற்றிதான். ஆனால் திரும்பி வருவதற்கு ஏதாவது இருந்தவளின் வெற்றி. நிலமில்லாதவளுக்குக் காது செவிடானால் செவிடானதுதான்.

2

நிலமில்லாதவள் பற்றி ஒரு காகிதம் இருக்கிறது.

1873இல் ஃபர்னிவால் என்ற ஆராய்ச்சியாளர் சாஸர் சம்பந்தப்பட்ட ஒரு விடுதலைப் பத்திரத்தைக் கண்டெடுத்தார். தேதி 1380 மே 4. ஸிஸிலி ஷாம்பேன் என்ற பெண் ஜெஃப்ரி சாஸரை எல்லா வழக்குப் பொறுப்புகளிலிருந்தும் விடுவிப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதில் ஒரு லத்தீன் சொல் வருகிறது: ராப்டுஸ். வன்புணர்ச்சி என்றும் கொள்ளலாம், கடத்திக்கொண்டு போவது என்றும் கொள்ளலாம். சாட்சிக் கையெழுத்துகளில் அரசவையின் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அதே வருஷம் ஜூலையில் ஜான் க்ரோவ் என்பவர் அவளுக்குப் பத்துப் பவுன் தருவதாக ஒப்புக்கொண்ட பதிவும் உண்டு. சாஸர் சுங்கத்தில் வாங்கிய வருஷச் சம்பளத்துக்குச் சமமான தொகை அது. அதை உண்மையில் யார் கொடுத்தார் என்று பதிவு சொல்லவில்லை.

நூற்றைம்பது வருஷம் இந்த ஒரு சொல்லின் மேல் படிப்புலகம் உட்கார்ந்திருந்தது. முதலில் மகாகவியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கடத்தல்தான், அதுவும் சும்மா ஒரு சட்டப் பிரயோகம் என்றார்கள். பிறகு பெண்ணிய விமர்சனம் வந்து, அந்தச் சொல்லை அதன் நேர்ப் பொருளில் வாசிக்க ஏன் இவ்வளவு கூச்சம் என்று கேட்டது. அது நியாயமான கேள்வி. 1993இல் கிறிஸ்டோஃபர் கேனன் அதே விடுதலையின் இன்னொரு பதிவைக் கண்டுபிடித்தார். சில நாள் கழித்து வேறொரு நீதிமன்றச் சுருளில் ஏறிய பதிவு அது. அதில் அந்தச் சொல் இல்லை. 2022இல் யூவன் ரோஜர், ஸெபாஸ்டியன் ஸொபெக்கி இருவரும் மேலும் இரண்டு ஆவணங்களை வெளியிட்டார்கள். இவற்றின்படி 1379இல் தாமஸ் ஸ்டாண்டன் என்பவர் ஒரு வழக்குத் தொடுத்திருக்கிறார். பிரதிவாதிகள் இரண்டு பேர்: சாஸர், ஸிஸிலி ஷாம்பேன். இருவரும் ஒரே பக்கம். குற்றச்சாட்டு என்னவென்றால், தன் வேலைக்காரியான ஸிஸிலி தவணை முடியுமுன் வேலையை விட்டுப் போனாள், சாஸர் அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார் என்பது. தொழிலாளர் சட்டத்தின் கீழ் வழக்கு.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1348-49இல் கொள்ளை நோய் வந்து ஜனத்தொகையில் பெரும்பகுதி செத்துப்போனதும் உயிரோடிருந்த உழைப்பாளியின் விலை ஏறியது. அதைத் தடுக்க 1349இல் ஓர் அரசாணை, 1351இல் ஒரு சட்டம். அறுபது வயதுக்குட்பட்ட, சொந்த நிலமோ தொழிலோ வேறு வருமானமோ இல்லாத ஒவ்வொரு ஆணும் பெண்ணும், கூப்பிடுகிறவரிடம் பழைய கூலிக்கு வேலை செய்தே தீர வேண்டும். பழைய கூலி என்றால் நோய்க்கு முந்தைய கூலி. தவணைக்கு முன் விலகினால் சிறை. அப்படி விலகியவரைச் சேர்த்துக்கொண்டவருக்கும் சிறை. ‘ஆணும் பெண்ணும்’ என்று ஒரே மூச்சில் சொல்லும் சட்ட வாசகம் அந்தக் காலத்தில் அபூர்வம். சொத்தில் பெண்ணுக்கு ஆளுமை இல்லை. கட்டாய உழைப்பு என்று வரும்போது சட்டம் அவளை ஆணுக்குச் சமமாக நடத்துகிறது.

புதிய ஆவணங்கள் வெளியானதும் சாஸர் விடுதலையாகிவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. கண்டுபிடித்தவர்கள் சொன்னது அதைவிட அடக்கமானது: ஸ்டாண்டன் வழக்குக்குப் பதில் சொல்லும் ஏற்பாடுகளில் ஒன்றாக அந்த விடுதலைப் பத்திரத்தை வாசிக்கலாம், அந்தச் சொல்லும் வேலைக்காரியைக் கொண்டுபோனதைக் குறிக்கலாம் என்பது. எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. சட்டத்தின் கீழ் நடந்த வழக்கும் உடம்பின் மேல் நடந்த வன்முறையும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. எஜமானுக்கும் வேலைக்காரிக்கும் இடையே இரண்டும் சேர்ந்தே நடக்கக்கூடியவை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

என்னுடைய அக்கறை சாஸரின் நன்னடத்தைச் சான்றிதழில் இல்லை. ஒரே லத்தீன் சொல்லுக்குள் வன்புணர்ச்சியும் கடத்தலும் அடங்கியிருந்தன. வேலைக்காரியை வேறொருவர் கூட்டிப்போனதும் அதில் அடங்கும் என்று இன்று நம்மால் வாதாட முடிகிறது. இந்தச் சங்கதி அந்தச் சமூகத்தைப் பற்றி என்ன சொல்கிறது? மூன்றிலும் நஷ்டம் யாருக்கு என்று சட்டம் முதலில் பார்க்கிறது. தகப்பனுக்கா, புருஷனுக்கா, எஜமானுக்கா? பெண் தானே நஷ்டப்பட்டவள் என்பது கடைசியில் வருகிற, சமயத்தில் வராமலே போகிற, ஒரு யோசனை. ஒரு பிரபுவின் மகளைக் கடத்தினால் நிலம் கைமாறும். ஸிஸிலியைக் கொண்டுபோனால் ஒரு தவணை உழைப்பு கைமாறும். கைமாறுவது எது என்பதை வர்க்கம் தீர்மானித்தது. பெண்ணாக இருந்ததால்தான் இரண்டுக்கும் ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

நான் வங்கியில் குமாஸ்தா. கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் எந்தப் பக்கத்தில் ஏறுகிறது என்பதுதான் அந்த மனிதருக்கு அங்கே உள்ள ஒரே குணம். 1873இலிருந்து ஸிஸிலி வாதிப் பக்கத்தில் இருந்தாள். 2022இல் பிரதிவாதிப் பக்கத்துக்கு வந்தாள். எந்தப் பக்கத்திலும் அவள் பேசியது ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒன்றைச் செய்திருக்கிறாள்: ஸ்டாண்டன் வீட்டு வேலையை விட்டு வெளியே வந்திருக்கிறாள். அதைச் சுயமாகச் செய்தாளா என்று இத்தனை வருஷ விவாதத்தில் வெகு தாமதமாகத்தான் கேட்கப்பட்டது.

3

கூலி என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு க்ரிஸெல்டா கதைக்குப் போகலாம். போக்காச்சியோ ‘டெக்கமரா’னின் கடைசிக் கதையாக எழுதியது. பெட்ரார்க் அதை லத்தீனில் திருப்பி எழுதி, மனைவிகளுக்கான பாடமாக இதைக் கொள்ள வேண்டாம், கடவுளிடம் ஆத்மா காட்ட வேண்டிய உறுதிக்கான உருவகம் என்று பொருள் சொன்னார். சாஸர் அதை ஆக்ஸ்ஃபர்ட் மாணவன் வாயில் வைத்தார். ஸலூஸோ பிரதேசத்துப் பிரபு வால்டர், ஊரிலேயே பரம ஏழையான ஜனிகுலாவின் மகளைக் கட்டிக்கொள்கிறான். மகளைப் பறிக்கிறான், பிறகு மகனை. கொன்றுவிட்டதாக அவளை நம்ப வைக்கிறான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளையே பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறான். எல்லாம் சோதனை.

பெட்ரார்க்கின் உருவகத்தை ஏற்றுக்கொண்டு வாசிப்பவர்களுக்கு வால்டர் கடவுள். க்ரிஸெல்டாவின் ஏழ்மை தாழ்மைக்கு ஒரு அலங்காரம். ‘ஆணாதிக்கம்’ என்று வாசிப்பவர்களுக்கு வால்டர் கொடுங்கோலன். ஏழ்மை அங்கேயும் அலங்காரம்தான். கதையின் எலும்பு அந்த ஏழ்மையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

குழந்தையைப் பறிக்க வால்டர் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள், ஜனிகுலாவின் ரத்தம் நாளைக்குத் தங்களை ஆள வருவதைப் பொறுக்கமாட்டேன் என்கிறார்கள் என்கிறான். இது பொய். ஜனங்கள் அவளை நேசிக்கிறார்கள். அவன் ஊரில் இல்லாதபோது அவள் வழக்குத் தீர்த்துவைத்த அழகைக் கதை விஸ்தாரமாகச் சொல்கிறது. ஆனால் பொய் பலிக்கிறது, ஏனென்றால் அது நம்பத்தக்க பொய். கணவன் மனைவிக்குச் செய்கிற வதைக்குச் சாக்கு வர்க்கத்திலிருந்து கிடைக்கிறது. ஒரு பிரபுவின் மகளிடம் அவன் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியாது. வேறு பொய் தேட வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாவது, உடுப்பு. கல்யாணத்தன்று வீட்டு வாசலிலேயே அவளுடைய பழந்துணிகளைக் களைகிறார்கள். களைகிற சீமாட்டிகளுக்கு அந்தத் துணியைத் தொடப் பிடிக்கவில்லை என்று சாஸர் எழுதுகிறார். பெண்ணே பெண்ணைத் தொடக் கூசும் இந்த ஒரு வரியில் வர்க்கம் விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. 1363இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் யார் என்ன துணி உடுக்கலாம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆண்களை அந்தஸ்து வாரியாகவும் வருமானம் வாரியாகவும் அடுக்கி, அவரவர் மனைவி மக்களையும் அதே வரியில் சேர்த்துவிட்டது. சீக்கிரமே ரத்தாகிப்போன சட்டம்தான். ஆனால் அதன் யோசனைப்போக்கு ரத்தாகவில்லை. மனைவியின் துணி புருஷனின் அந்தஸ்து. க்ரிஸெல்டா வாசலில் துணி மாற்றியபோது மாறியது அவளுடைய வர்க்கம். ஆனால் அது உடம்பிலிருந்து கழற்றக்கூடிய வர்க்கம். ஆணுக்கு நிலத்திலோ தொழிலிலோ ஒட்டியிருப்பது அவளுக்குத் துணியில் ஒட்டியிருக்கிறது.

திருப்பி அனுப்பப்படும்போது அவள் கொடுத்ததையெல்லாம் கழற்றி வைக்கிறாள், மோதிரம் உட்பட. ஒன்றே ஒன்று கேட்கிறாள்: உடம்பை மூட ஓர் உள்ளாடை. கேட்கும் விதம்தான் முக்கியம். தான் கொண்டுவந்த கன்னித்தன்மையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது. அதற்கு ஈடாக, தனக்குரிய கைம்மாறாக, இதையாவது கொடு என்கிறாள். பொறுமையின் சிகரம் என்று பெயர் வாங்கியவள் பேசுகிற ஒரே வியாபாரப் பேச்சு இதுதான். கொண்டுவந்தது இது, கொண்டுபோவது இது, பாக்கி இவ்வளவு. ஆத்மா கடவுளிடம் பேசும் பேச்சல்ல இது. ஊழியக்காரி தவணை முடிந்து கணக்குக் கேட்கிற பேச்சு. ஸிஸிலி ஷாம்பேன் காலத்து லண்டனில் இந்தக் குரலைச் சாஸர் தெருவிலேயே கேட்டிருக்கலாம்.

கடைசியாக, புது மணப்பெண்ணுக்கு வீட்டைத் தயார் பண்ண அதே வீட்டுக்கு வேலைக்காரியாக அவளை வால்டர் கூப்பிடுகிறான். வந்து பெருக்குகிறாள், படுக்கை போடுகிறாள். அவனிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறாள்: என்னை வதைத்ததுபோல் இவளை வதைக்காதே, இவள் மென்மையாக வளர்க்கப்பட்டவள், ஏழ்மையில் வளர்ந்த ஒருத்தி தாங்கியதை இவளால் தாங்க முடியாது. கதை முழுவதிலும் அவள் வால்டரைக் குற்றம் சொல்லும் இடம் இது ஒன்றுதான், அதையும் இன்னொருத்திக்காகச் சொல்கிறாள். தன் பொறுமையின் ரகசியத்தையும் இங்கேதான் அவிழ்க்கிறாள். அது பெண்மையின் குணமில்லை, புனிதமும் இல்லை, பயிற்சி. வறுமை கொடுத்த பயிற்சி. பெட்ரார்க்கின் உருவகம் இந்த இடத்தில் தானாகவே சரிந்து விழுகிறது. வேண்டிக்கொள்ளப்படும் அந்த ‘உயர்குடி’ப் பெண் அவள் வயிற்றிலேயே பிறந்தவள் என்பது அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஒரே ரத்தம், வேறு வளர்ப்பு. ‘ஜனிகுலாவின் ரத்தம்’ என்ற சாக்குக்குக் கதையே தரும் பதில் இதைவிடக் கச்சிதமாக இருக்க முடியாது. இதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல், சம்பவங்களை அடுக்கிய அடுக்கிலேயே சாதித்திருக்கிறது கதை. உருவம் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பற்றியல்லவா பேச வேண்டும்?

4

இவையெல்லாம் ஆண் எழுதியவை. பெண்ணின் குரல் வேண்டுமென்றால் லின் நகரத்து மார்ஜரி கெம்ப் இருக்கிறாள். 1373 வாக்கில் பிறந்தவள். 1430களில் அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய புத்தகம், 1934இல் ஒரு பழைய குடும்பத்து வீட்டிலிருந்து வெளியே வந்தது. தன்னை ‘நான்’ என்று சொல்லாமல் ‘இந்த ஜீவன்’ என்றே குறிப்பிட்டுக்கொள்கிறாள். கடவுளோடு பேசியவள், சபைகளில் கதறி அழுதவள், ஜெருசலேம்வரை போய்வந்தவள் என்பதெல்லாம் அடிக்கடி எழுதப்படுகிறது.

அவளுடைய அப்பா ஜான் ப்ரன்ஹாம், லின் நகர மேயராகப் பல தடவை இருந்தவர். அந்தத் திமிரை அவள் மறைக்கவில்லை. புருஷன் தனக்குச் சமமில்லை என்று சொல்லிக்காட்டுவாள், ஊர் அசரும்படி உடுத்துவாள். சொந்தமாக பீர் காய்ச்சி விற்றாள். நுரை அடங்கிப்போய் நஷ்டம். குதிரை கட்டி மாவு அரைக்கும் யந்திரம் வைத்தாள். குதிரை இழுக்க மறுத்தது, நஷ்டம். பதினாலு பிள்ளைகள் பெற்ற பிறகு புருஷனோடு இனிப் படுக்கமாட்டேன் என்று விரதம் எடுக்க நினைத்தாள். ஆனால் திருச்சபை விதிப்படி கல்யாணமான ஒருவர் மற்றவர் சம்மதமில்லாமல் விரதம் எடுக்க முடியாது. உடம்பு கல்யாணக் கடன், சொல்லே அதுதான். 1413இல் ஒரு கோடை நாளில் யார்க்கிலிருந்து வரும் சாலையில் இருவரும் நடக்கிறார்கள். அவள் கையில் பீர், அவன் சட்டைக்குள் ரொட்டி. ஒரு சிலுவையடியில் பேரம் நடக்கிறது. அவன் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஜெருசலேம் போகுமுன் தன் கடன்களை அவள் அடைத்துவிட வேண்டும் என்பது. ஒப்புக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் பிரார்த்தனை செய்து, ரொட்டி தின்று பீர் குடித்தார்கள்.

இதை ஆன்மீக வரலாற்றில் ஒரு கட்டம் என்று படிக்கலாம். எனக்கு இது ஒரு கடன் தீர்வை. கல்யாணக் கடனை ரொக்கக் கடனால் தீர்த்து ஒரு பெண் தன் உடம்பை மீட்கிறாள். மேயர் மகளிடம் பணம் புரளும். லின் நகரத்துச் சலவைக்காரி ஒருத்திக்கு இதே தரிசனம் கிடைத்திருந்தால் அவள் எதைக் கொடுத்து மீட்பாள்? தரிசனத்துக்கு வர்க்கம் இல்லாமல் இருக்கலாம், விரதத்துக்கு இருக்கிறது.

1417இல் ஊர் ஊராகப் பிடித்து விசாரித்தார்கள். லெஸ்டரில் மேயர் நீ யார் மகள் என்று கேட்கிறார். தகப்பன் லின் மேயர், புருஷன் அவ்வூர்ப் பிரஜை என்று பதில் சொல்கிறாள். கன்னிக்குரிய வெள்ளை உடை உனக்கு எதற்கு, எங்கள் மனைவிகளை இழுத்துக்கொண்டு போகவா வந்தாய் என்கிறார் அவர். யார்க்ஷயரில், போய் மற்றப் பெண்களைப்போல் நூல் நூற்றுக்கொண்டு கிட என்று ஆண்கள் கத்துகிறார்கள். பெண்கள் வீட்டிலிருந்து ஓடிவந்து நூற்கும் கோலை ஆட்டிக் கூச்சலிடுகிறார்கள். நூற்கிற பெண்கள் நூற்காத பெண்ணைப் பார்த்துக் கத்தும் அந்தக் காட்சியை எப்படி வாசிப்பது? அறியாமை என்று ஒதுக்கலாம். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. கோலைக் கீழே வைத்துவிட்டு ஜெருசலேம் போக அவர்களுக்கு வழியில்லை. அதே சமயம் அவளுக்கு ஆபத்து வந்தது பெண் என்பதால், தப்பித்தது மேயர் மகள் என்பதால். இரண்டும் ஒரே உடம்பில் ஒரே மணிநேரத்தில் நடக்கின்றன. ‘இடைக்காலப் பெண்’ என்ற ஒற்றைச் சொல் இதைத் தாங்காது.

இன்னொரு உதாரணம் சுருக்கமாக. நார்ஃபக்கில் பாஸ்டன் குடும்பம். அவர்களுடைய கடிதங்களைச் சாஸரோடு சேர்த்து வைத்து வர்ஜீனியா வுல்ஃப் 1925இல் ஒரு கட்டுரை எழுதினார். பாட்டன் க்ளெமெண்ட் ஏர் பிடித்தவர். இரண்டு தலைமுறையில் நிலம், வக்கீல் தொழில், கோட்டை. அந்த வீட்டுப் பெண் மார்ஜரி, குடும்பத்துக் காரியஸ்தன் ரிச்சர்ட் காலேயை ரகசியமாக மணந்துகொண்டாள். 1469இல் பிஷப் அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டார், ஏனென்றால் இருவரும் நிகழ்காலத்தில் சம்மதம் சொல்லிவிட்டால் பாதிரி இல்லாமலே அது கல்யாணம். அவள் சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொல்லி, அது போதவில்லையென்றால் இன்னும் உறுதியாக்குகிறேன் என்றாள். கல்யாணம் நின்றது. தாய் வீட்டுக் கதவு மூடியது. அண்ணன் ஒருவன், தங்கை கடைத்தெருவில் மெழுகுவர்த்தியும் கடுகும் விற்பதற்குத் தான் ஒருநாளும் சம்மதிக்கப்போவதில்லை என்று எழுதினான். ஏரை விட்டு வந்து இரண்டு தலைமுறைதான் ஆகியிருந்தது. குடும்பம் மேலே ஏறிய ஏணியின் ஒவ்வொரு படியும் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம். ஒருத்தி தன் படியைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பதுதான் அவர்கள் கோபம். காலேயின் சேவையை மட்டும் அவர்கள் பின்னால் மறுபடி ஏற்றுக்கொண்டார்கள். கணக்குத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

5

வர்க்கத்தையும் பாலையும் தனித்தனியே எழுதிக் கடைசியில் கூட்டிக் காட்டும் விமர்சனம் நமக்குப் பழகிப்போனது. மேலே சொன்ன எந்த வாழ்க்கையிலும் அந்தக் கூட்டல் சரிவரவில்லை. பாத் ஊர்க்காரியின் வர்க்கம் அவள் விதவையாகும்போது வெளித்தெரிகிறது. ஸிஸிலிக்கு ஒரு தவணை ஊழியமும் க்ரிஸெல்டாவுக்கு ஒரு துணியும் அவர்கள் வர்க்கமாகின்றன. மார்ஜரி கெம்ப்புக்கு அது கடனடைக்கும் பணம். ஆணுக்கு நேர்வழியாக வருவது இவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வாசல் வழியாக வருகிறது. அந்த வாசல் எது என்று பிரதியில் தேடிக் கண்டுபிடிப்பது விமர்சகன் வேலை. அது எந்தச் சித்தாந்தப் புத்தகத்திலும் முன்கூட்டி எழுதப்பட்டிருக்காது. எத்தனை வரி, யார் வாயில், எந்தச் சொல்லில் என்று பார்த்தால்தான் தெரியும். ஆகவே உருவமா உள்ளடக்கமா என்று நாம் இன்னமும் போட்டுக்கொண்டிருக்கும் சண்டை எனக்குப் பொழுதுபோக்காகப் படுகிறது.

சாஸரிடமே இன்னும் எடுக்காத கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. கன்னிமடப் பாதிரியின் கதை ஒரு ஏழை விதவையின் குடிசையில் தொடங்குகிறது. மூன்று பன்றி, மூன்று மாடு, ஒரு ஆடு, இரண்டு பெண்கள். புகை படிந்த வீடு, பாலும் கருப்பு ரொட்டியும் சாப்பாடு. அவள் பண்ணையடிமைக் குடியானவனின் விதவையாக இருந்தால், புருஷன் செத்த அன்று இருந்ததிலேயே நல்ல மாட்டைப் பண்ணைக்காரன் வழக்கப்படி ஓட்டிக்கொண்டு போயிருப்பான். கதை அதைச் சொல்வதில்லை. இந்த அறிமுகத்தோடு அவளை முற்றத்தில் விட்டுவிட்டுக் கதை கோழிக்கூண்டுக்குப் போய்விடுகிறது. அங்கே சேவலும் பெட்டையும் அரண்மனைப் பாஷையில் காதல் செய்கின்றன, கனவு சாஸ்திரம் விவாதிக்கின்றன. நரி சேவலைக் கவ்வியதும் விதவையும் பெண்களும் கத்திக்கொண்டு துரத்துகிறார்கள். 1381 கலகத்தைப் பற்றிச் சாஸர் தம் கவிதை முழுவதிலும் நேராகப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே இடம் இந்தத் துரத்தல்தான்: ஜாக் ஸ்ட்ராவும் அவன் கூட்டமும்கூட இப்படிக் கத்தியிருக்கமாட்டார்கள் என்கிறார். தலைக்குப் பன்னிரண்டு பென்ஸ் வரி என்று குடிசை குடிசையாகக் கேட்கப்போய் மூண்ட கலகம் அது. அந்த வரி பதினைந்து வயதான ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. கலகக்காரர்கள் லண்டனுக்குள் நுழைந்த ஆல்ட்கேட் வாசலுக்கு மேல்தான் சாஸர் அப்போது குடியிருந்தார்.

அந்தக் கூச்சலை அவர் ஒரு விதவையின் முற்றத்தில், ஒரு சேவலுக்காக எழுப்பிவிட்டார். பெட்டைக் கோழிக்குப் பெர்டெலோட் என்று பெயர், சீமாட்டி என்ற பட்டம்கூட உண்டு. ஆட்டுக்கு மால் என்று பெயர். கத்திக்கொண்டு ஓடும் கூட்டத்தில் கைக்கோலோடு ஓடும் மால்கின் என்ற வேலைக்காரிக்கும், நாய்களுக்கும்கூடப் பெயர் இருக்கிறது. விதவைக்கும் அவள் பெண்கள் இருவருக்கும் பெயர் இல்லை. அடுத்த முறை யாராவது சாஸரின் சித்திரசாலை பற்றி எழுத உட்கார்ந்தால், இந்தக் குடிசையிலிருந்து ஆரம்பித்துப் பார்க்கட்டும்.